வேகமும் அச்சின் வலிமையும்

நமது ராயகிரியில் மாட்டு வண்டிகள் அருகிவிட்டன. ஆனாலும் வயது முதிர்ந்த தச்சர் ஒருவரிடம், வண்டியின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், சக்கரத்தையோ நுகத்தடியையோ அவர் காட்டமாட்டார். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, பாரத்துக்கு அடியில், மண்ணும் மசகும் படிந்து கிடக்கும் இருசைத்தான் காட்டுவார். வண்டி நிறைய மயிற்பீலியை ஏற்றினாலும் அளவு மிஞ்சினால் அச்சு தாங்காது என்று வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் எச்சரிக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் அறிந்திருந்த இந்த உண்மை, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் மோட்டார் காருக்கும் அப்படியே பொருந்தும்.

வேகத்துக்காகவே உருவாக்கப்படும் காரில் எஞ்சினைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவர். ஆனால் எஞ்சினின் பலம் முழுவதையும் சாலையில் கொண்டு சேர்ப்பது பின் அச்சு. அது வலுக்குன்றியதாக இருந்தால் என்ன நேரும்? அதை வலுப்படுத்துவது எவ்வாறு? எப்போது அதை அடியோடு மாற்ற வேண்டும்? இவ்வினாக்களுக்கு இக்கட்டுரையில் விடை காண்போம். சென்னையிலேயே தயாரிக்கப்பட்ட ஒரு கார் இதற்கு நல்ல சான்றாக அமைகிறது.

பின் அச்சு செய்யும் வேலை

மாட்டு வண்டியின் இருசுக்கு ஒரே வேலை. அது பாரத்தைத் தாங்கினால் போதும். பின் சக்கரங்களால் இயங்கும் காரின் அச்சுக்கோ மூன்று வேலைகள் உண்டு. வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொடுக்க வேண்டும். பள்ளத்திலும் வளைவிலும் சக்கரங்களைச் சரியான நிலையில் பிடித்திருக்க வேண்டும்.

காரின் அடியில் நீளவாக்கில் வரும் தண்டு, பின்புறம் ஓர் இரும்புக் கூட்டுக்குள் நுழைகிறது. அங்கே பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்திருக்கும் டிபரன்ஷியல் அமைப்பு, வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்ற வழிசெய்கிறது. அதன் இரு பக்கமும் புறப்பட்டுச் சக்கரங்களுக்குச் செல்லும் எஃகுத் தண்டுகளை அரைத்தண்டுகள் என்பர். பட்டறைகளில் 'ஆக்சில் போய்விட்டது' என்று சொன்னால், பெரும்பாலும் இவற்றுள் ஒன்று முறிந்தது என்றே பொருள்.

தண்டுகள் அமைவதிலும் இரு முறைகள் உண்டு. பெரும்பாலான கார்களில், அரைத்தண்டே சுழற்சியையும் கொடுத்து, வண்டியின் எடையையும் தாங்கும். கனரக லாரிகளிலோ, எடையை வெளியேயுள்ள கூடு தாங்க, தண்டு சுழற்றுவதை மட்டும் செய்யும். இந்த வேறுபாடு உயிர் தொடர்பானது. லாரியின் தண்டு முறிந்தால் வண்டி நகராது. சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். காரின் தண்டு சக்கரத்துக்கு அருகே முறிந்தாலோ, சக்கரமே கழன்று ஓடிவிடக்கூடும்.

தண்டுக்கு வரும் முறுக்கு எவ்வளவு?

இயற்பியல் பயிலும் மாணவியருக்கு ஒரு சிறு கணக்கு. (பாடநூல் திருப்பு விசை என்று கூறுவதையே இங்கு முறுக்கு என்கிறோம்.) ஓர் எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தருவதாகக் கொள்வோம். முதல் கியரில் அது 3.5 மடங்காகிறது. கிரவுனும் பினியனும் அதை மேலும் 4 மடங்காக்குகின்றன. ஆக 1400. இரு தண்டுகளும் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றுக்கும் 700.

இந்த 700 முழுவதும் தண்டின்மேல் விழுகிறதா என்றால், சாதாரணக் காரில் விழுவதில்லை. பின் சக்கரம் ஒன்றின்மேல் 250 கிலோகிராம் எடை இருக்கிறது, டயருக்கும் சாலைக்கும் இடையேயான உராய்வு எண் 0.8, சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் என்று கொண்டால், ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனவுடன் டயர் வழுக்கிவிடும். டயர் வழுக்குவதே தண்டுக்குப் பாதுகாப்பு. வீட்டு மின்சாரத்தில் பியூஸ் கம்பி உருகி மற்றவற்றைக் காப்பதைப் போன்றது இது.

பந்தயத்துக்காகக் காரைத் திருத்துவோர் நல்ல பிடிப்புள்ள அகன்ற டயர்களைப் பொருத்துகின்றனர். உராய்வு எண் 1.2 ஆக உயர்ந்தால் வழுக்கும் எல்லை ஏறத்தாழ 880 ஆகிவிடும். எஞ்சினின் பலத்தையும் கூட்டிவிட்டால், முன்பு 590க்கு மேல் காணாத தண்டு இப்போது அதன் ஒன்றரை மடங்கைச் சுமக்க வேண்டும். இத்துடன், புறப்படும்போது வண்டியின் எடை பின்னோக்கிச் சாய்வதால் பின் டயர்களின் பிடிப்பு மேலும் கூடுகிறது. கிளட்சைச் சட்டென்று விடுவதும், மேட்டில் குதித்த சக்கரம் சுழன்றபடியே தரையில் வந்து இறங்குவதும் சம்மட்டி அடிக்குச் சமம். இரு சக்கரங்களும் சேர்ந்தே சுழலுமாறு டிபரன்ஷியலைப் பூட்டிவிட்டால், ஒரு சக்கரம் பிடிப்பை இழக்கும்போது இருவர் சுமையும் ஒரே தண்டின் தலையில் விழும்.

இதனால்தான், எஞ்சினைத் தொடாமல் டயரை மட்டும் மாற்றிய காரிலும் அச்சு முறிவதுண்டு.

உலோகமும் சோர்வடையும்

ஒரே அடியில் முறிவது ஒரு வகை. பல்லாயிரம் முறை சிறிது சிறிதாக வளைந்து, ஒருநாள் திடீரென முறிவது மற்றொரு வகை. இரண்டாவது வகையை உலகம் ஒரு பெருந்துயரத்தின் வழியே கற்றுக்கொண்டது.

1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சாயிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற இரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் பயணிகள் வெளியேற முடியவில்லை. 50க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அடுத்த ஆண்டே, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராங்கின் என்னும் இளம் பொறியாளர், முறிந்த இரயில் அச்சுகளை ஆராய்ந்து கட்டுரை ஒன்றை அளித்தார். தண்டின் பருமன் சட்டென்று மாறும் கூர்மையான மூலையிலே வெடிப்பு தொடங்கி, நாளடைவில் உள்நோக்கி வளர்கிறது என்று காட்டினார். அவ்விடத்தைக் கூர்மையாக விடாமல் வளைவாகக் கடைய வேண்டும் என்பது அவர் கண்ட தீர்வு. பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் பல ஆண்டுகள் சோதனை செய்து, ஒரே தடவையில் முறிக்கும் சுமையைவிட மிகக் குறைந்த சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை முறிக்கும் என நிலைநாட்டினார்.

முறிந்த தண்டின் முகத்தைப் பார்த்தே அதன் வரலாற்றை ஓரளவு படிக்கலாம். ஒரு பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற வரிகளைப் போலத் தெரியும். அது வெடிப்பு மெல்ல வளர்ந்த பகுதி. எஞ்சிய பகுதி சொரசொரப்பாக இருக்கும். அது கடைசி நொடியில் முறிந்த இடம். வழவழப்பான பகுதி பெரிதாக இருந்தால், அந்தத் தண்டு நெடுநாள் நோயுற்றிருந்தது என்று பொருள்.

சென்னைக் காரின் கதை

இதுவரை கண்டது எஃகின் பலக்குறைவு. அமைப்பின் பலக்குறைவு என்று ஒன்றும் உண்டு. எஃகு உறுதியாகவே இருக்கும். ஆனால் வளைவில் அச்சு சக்கரத்தைத் தவறான நிலைக்குக் கொண்டுபோகும். இங்கேதான் நம் சென்னைக் கார் வருகிறது.

இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு என்னும் காரை, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. 948 சி.சி. எஞ்சின் கொண்ட அந்த அழகிய சிறு காரை நம் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் அறிந்திருப்பர். அதன் வடிவத்தை அமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. அக்காலத்தில் அம்பாசிடர், பியட் ஆகிய கார்களின் பின் அச்சு, இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்த ஒரே கட்டையாக இருந்தது. ஹெரால்டிலோ ஒவ்வொரு பின் சக்கரமும் தனித்தனியே ஆடும். அரைத்தண்டின் உள்முனையில் மட்டும் ஒரு மூட்டு உண்டு; வெளிமுனையில் சக்கரம் நேராகப் பொருத்தப்பட்டிருக்கும். குறுக்கே ஒரே வில்பட்டை இரு பக்கத்தையும் தாங்கும். இதை ஆடும் அச்சு எனலாம்.

குண்டும் குழியுமான சாலையில் ஒரு சக்கரம் குதித்தால் மற்றது குதிக்காது என்பது இதன் நன்மை. குறையை அறிய உங்கள் கணிதப் பெட்டியிலுள்ள கவராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களை விரித்து மேசைமேல் நிறுத்தி, தலையை மெல்லத் தூக்கினால் கால்கள் உள்நோக்கி ஒடுங்குகின்றன அல்லவா? விரைவாக வளையும்போது காரின் பின்பகுதி மேலெழும்பினால், சக்கரத்தின் அடிப்பாகம் இவ்வாறே உள்நோக்கி மடங்கும். டயர் விளிம்பில் நிற்கும், பிடிப்பு குறையும், வண்டியின் பின்பகுதி திடீரென விலகிச் சுழலும். இதற்கு மாறாக, ஆட்களையும் மூட்டைகளையும் அதிகம் ஏற்றினால் பின்பகுதி தாழ்ந்து, சக்கரங்களின் அடிப்பாகம் வெளியே விரியும்.

மெல்லச் செல்லும் குடும்பக் காரில் இக்குறையைப் பலர் உணரவே மாட்டார்கள். ஆனால் இதே அடித்தளத்தின்மேல் 1962இல் ஸ்பிட்பயர் என்னும் விளையாட்டுக் காரையும், 1966இல் 1998 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஜி.டி.6 என்னும் வேகக் காரையும் இங்கிலாந்தில் செய்தார்கள். எஞ்சின் வளர்ந்தது, பின் அச்சின் அமைப்போ பழையபடியே நின்றது. ஜி.டி.6 காரை ஓட்டிப் பார்த்த பத்திரிகையாளர்கள் வளைவில் அது நடந்துகொள்ளும் முறையைக் கண்டித்து எழுதினர்.

இருவகை மருந்து

நோய் ஒன்றாயினும் மருந்து இரண்டாக அமைந்தது.

இங்கிலாந்தில் ஆடும் அச்சைத் திருத்தினார்கள். 1968இல் ஜி.டி.6இன் அடுத்த பதிப்பில், சக்கரத்தின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கூடுதல் கையும், தண்டில் ரப்பர் இணைப்பும் சேர்த்தனர். அதன்பின் சக்கரம் கவராயக் கால்போல மடங்கவில்லை. 1970இல் வெளிவந்த ஸ்பிட்பயரில் இதைவிடச் சிக்கனமான வழியைக் கண்டனர். வில்பட்டையின் அடுக்குகளை எல்லாம் நடுவில் இறுக்கிக் கட்டாமல், பெரும்பாலானவற்றை அச்சாணியில் ஆடும் தராசுபோல அசைய விட்டனர்.

சென்னையிலோ அச்சையே மாற்றினார்கள். ஹெரால்டின் ஆடும் அச்சை நம் நாட்டுக் கார் உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் பலர் விரும்பவில்லை. 1972இல் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் எஞ்சின் அதே 948 சி.சி.தான், பின்புறம் மட்டும் இரு சக்கரங்களையும் பிணைக்கும் ஒரே கட்டை அச்சு வைக்கப்பட்டது. புதுமையை விட்டுப் பழமைக்குப் போவது பின்னடைவு போலத் தோன்றலாம். ஆனால் நிறையப் பாரம் ஏற்றும் வழக்கத்துக்கும், எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுதுபார்க்கும் வசதிக்கும் ஏற்றது எதுவோ அதுவே நல்ல பொறியியல்.

அமெரிக்காவிலும் இவ்வச்சு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1960இல் வந்த கார்வேர் என்னும் காரின் ஆடும் அச்சை, ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர் 1965இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்திலேயே சாடினார். தயாரிப்பாளர் 1964இலேயே ஒரு கூடுதல் வில்பட்டையைச் சேர்த்து, அடுத்த ஆண்டுக் காரில் அமைப்பையே மாற்றியிருந்தார். அக்காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமானதன்று என 1972இல் அரசு ஆய்வு ஒன்று கூறியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் அவ்விவாதத்தின் பயனாக, கார்களின் பாதுகாப்புக்கென 1966இல் அந்நாட்டில் சட்டம் பிறந்தது.

வலுப்படுத்தும் முறைகள்

இனி, எஃகின் பலக்குறைவுக்கு வருவோம். உருண்டைத் தண்டின் பலம் அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 25 மில்லிமீட்டர் தண்டை 30 மில்லிமீட்டர் ஆக்கினால் விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, பலமோ 1.73 மடங்காகிறது. நாம் முன்பு கண்ட ஒன்றரை மடங்குச் சுமைக்கு 29 மில்லிமீட்டர் தண்டே போதும்.

பருமனைக் கூட்ட இடமில்லையெனில் எஃகின் தரத்தைக் கூட்டலாம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகில் தண்டைக் கடைந்து, சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்துவர். சிறு எஃகுக் குண்டுகளை மேற்பரப்பில் வேகமாக வீசி அதை இறுகச் செய்வதும் உண்டு. வெடிப்பு தொடங்குவதை இது தடுக்கிறது. வியப்பான மற்றொரு முறை, பல்வெட்டு உள்ள முனையைப் பருமனாக விட்டு நடுப்பகுதியைச் சற்று மெலிதாக்குவது. அப்போது முறுக்கு ஒரே இடத்தில் குவியாமல் தண்டின் நீளம் முழுவதும் பரவுகிறது. இங்கே இளைத்ததே பலம்!

ஆனால் ஒரு கண்ணியை உறுதியாக்கினால் சங்கிலி அறுவது நின்றுவிடாது. அடுத்த கண்ணியில் அறும். தண்டை வலுப்படுத்தினால் சுமை கிரவுன் பற்களுக்குப் போகும். கிரவுனை வலுப்படுத்தினால் கூடு வளையும். கூட்டுக்கு இரும்புத் தகடு பற்றவைத்தால், வெப்பத்தால் கூடு கோணி, தாங்கிகள் தேயும். எங்கே நிறுத்துவது? இந்தக் கட்டத்தில்தான் முழு அச்சையும் மாற்றுவது சிக்கனமாகிறது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1957 முதல் 1986 வரை தன் வண்டிகளில் வைத்த '9 அங்குல' அச்சு இவ்வகையில் புகழ்பெற்றது. கிரவுனின் விட்டமே அந்த 9 அங்குலம். அதன் பினியன் இரு பக்கமும் தாங்கிகளால் பிடிக்கப்பட்டிருப்பதால் பெருஞ்சுமையிலும் விலகுவதில்லை. உற்பத்தி நின்ற பின்னும் பந்தயக்காரர்கள் அதைத் தேடிச் சென்று தம் கார்களில் பொருத்தினர்.

பந்தயத் தடமும் பொதுச் சாலையும்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. ஹெரால்டு, பியட், அம்பாசிடர் ஆகிய நம் வீட்டுக் கார்களே அங்குத் திருத்தப்பட்டு ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே தனித் தடம் திறக்கப்பட்டது. இத்தகைய திருத்தங்களுக்கு உரிய இடம் அதுவே. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சாலையில் நடந்து செல்வோருக்கும் அச்சு முறியும் ஆபத்தில் பங்கு உண்டு என்பதே இதன் நியாயம்.

பெற்றோர் கவனத்துக்கும் சில செய்திகள். பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிதல், வேகத்தோடு கூடும் உறுமல், கியர் போட்டுப் புறப்படுகையில் 'டக்' என்ற ஓசை ஆகியன பின் அச்சு தரும் எச்சரிக்கைகள். அவற்றைக் கேட்டவுடன் பட்டறைக்குச் செல்ல வேண்டும். முறிந்த அரைத்தண்டைப் பற்றவைத்து மீண்டும் ஓட்டுவது பெருந்தவறு. பதப்படுத்திய எஃகு அவ்வெப்பத்தில் தன் பதத்தை இழந்துவிடும். புதுத் தண்டின் விலை, ஓர் உயிரின் விலையைவிடக் குறைவுதானே? அதுபோலவே, வேனிலும் ஆட்டோவிலும் அளவுக்கு மீறிக் குழந்தைகளை ஏற்றுவதை நாம் வேடிக்கை பார்க்கலாகாது. அன்றைய சுமை அன்றே அச்சை முறிக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு நாளும் வெடிப்பை ஒரு மயிரிழை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

அன்பு மாணவியரே! இவையெல்லாம் ஆண்களுக்கான செய்தி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மும்மடிக் கணக்கையும் முறுக்குக் கணக்கையும் வகுப்பில் போடுகிறவர்கள் நீங்கள். பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உங்களுக்காகத் திறந்தே இருக்கின்றன. உடலில் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். காரின் அடியில் யாரும் காணாமல் சுமக்கும் உறுப்பை முதலில் குனிந்து பார்த்து, அதற்கு வேண்டிய வலிமையைக் கொடுத்த பிறகே வேகத்தைக் கேட்கும் பொறியாளர்கள் நாட்டுக்குத் தேவை. அவர்களுள் சிலர் நமது ராயகிரியிலிருந்து புறப்படட்டும்!